வடிவாப் பேசினன்

வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் ஸ்கூலில் புதிதாகச் சேரும் ஐந்து ஆசிரியர்களுக்கு நான் வழிகாட்ட வேண்டும். ஸ்கூல் என்றால் பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு வரும் இடம் அல்ல. டொராண்டோவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிற பெரிய துறைக்கு இங்கே அப்படிப் பெயர். பொதுச் சுகாதாரம் படிக்க வருகிறவர்களுக்கு நான் அங்கே புள்ளியியல் நடத்துகிறேன். விருதுநகரில் இருக்கும் என் அம்மாவுக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை. "காலேஜ்ல வாத்தியாரா இருந்தவன், கடல் தாண்டிப் போயி ஸ்கூல்ல சேந்திருக்கான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வருத்தப்படுகிறாராம்.

ஐந்து பேருக்கும் கொடுக்க ஒரு தாள் இருக்கிறது. முன்பக்கமும் பின்பக்கமுமாகப் பன்னிரண்டு குறிப்புகள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் புதிதாக வந்தபோது என் கையில் கொடுத்த அதே தாள். "பழசாகிவிட்டது, கொஞ்சம் சரிசெய்து கொடுத்துவிடுங்கள்" என்று எங்கள் இயக்குநர் சொல்லியிருக்கிறார். நான்கு நாளாக அதை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நகலெடுக்கும் இயந்திரத்துக்கு அட்டை எங்கே வாங்குவது, தேர்வுத்தாளை எத்தனை நாள் முன்னால் அச்சுக்கு அனுப்புவது, பனி கொட்டி வகுப்பு நின்றுபோனால் யாருக்குச் சொல்வது, எல்லாவற்றையும் திருத்தியாகிவிட்டது. எட்டாவது குறிப்புக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது.

'மாணவரோடு தனியாகப் பேச நேர்ந்தால் அறைக் கதவு திறந்திருக்கட்டும். என்ன பேசினீர்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.'

இந்தத் தாளை எழுதியவர் பேராசிரியர் யாரும் அல்ல. எங்கள் அலுவலகத்தைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை 'சேர்' என்பார். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும், எனக்கு நாற்பத்தொன்று.

அக்காவை நினைத்தால் முதலில் முகம் வருவதில்லை. அவர் கொப்பி என்று சொல்லும் கறுப்பு மட்டை நோட்டும் அதில் செருகிய நீலப் பேனாவும்தான் வருகின்றன. யார் எதைச் சொன்னாலும் அதில் எழுதுவார். சாரத்தை எழுதுவது அல்ல, சொன்னதைச் சொன்னபடியே.

முதல் நாள் என் அறையைக் காட்டினார். ஜன்னலுக்குக் கீழே இருந்த ஹீட்டர் உஸ் உஸ் என்றது. "குக்கர் மாதிரி சத்தம் போடுதே" என்று சும்மா சொல்லிவைத்தேன். அக்கா கொப்பியைத் திறந்தார்.

"குக்கரோ சேர்? விசிலடிக்க முந்தியோ, அடிச்ச பிறகோ?"

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "முந்தி" என்றேன். எழுதிக்கொண்டார். மறுநாள் காலை எட்டரைக்கே பழுதுபார்க்கிறவர் வந்து நின்றார். கையில் அக்கா அனுப்பிய சீட்டு: பிரஷர் குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் வரும் சத்தம், புதிய ஆசிரியர் சொன்னது. அந்த மனிதர் சீட்டையும் ஹீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வீட்டில் குக்கர் இருந்ததோ என்னவோ, அரை மணி நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

கொப்பி எழுதுவதில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இடப்பக்கம், சொன்னவரின் சொல், சொன்ன மொழியிலேயே. வலப்பக்கம், அதற்கு அர்த்தம், ஆங்கிலத்தில். அடியில் தேதியும் நேரமும். நான் முதலில் பார்த்தபோது, இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரட்டை வேலை என்று கேட்டேன்.

"இடப்பக்கம் ஆக்கள் சொன்னது சேர். வலப்பக்கம் எனக்கு விளங்கினது. ரெண்டும் ஒண்டில்லை" என்றார்.

அடித்தல் திருத்தல் கிடையாது. தப்பாக எழுதிவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு, கீழே புதுத் தேதி போட்டுச் சரியானதை எழுதுவார். அவரே சொன்ன கணக்குப்படி, வேலைக்கு வந்த பிறகு அப்படி எழுத நேர்ந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் யாரோ ஒருவருடைய அறை எண்ணை மாற்றி எழுதியதற்காக. இதை அவர் பெருமையாகவே சொல்வார். மற்றபடி பெருமை பேசுகிற ஆள் அல்ல.

புதியவர்களைப் பார்த்தால் ஒரே கேள்விதான். மற்றவர்களிடம் ஆங்கிலத்தில், என்னிடம் தமிழில்: "எழுதினனீங்களோ?" ஒரு மாணவனுக்கு ஒப்படை, அதாவது அசைன்மென்ட், கொடுக்க இரண்டு நாள் தவணை கொடுத்தேன் என்று சொன்னால், "எழுதினனீங்களோ?" வகுப்பறையில் புரொஜெக்டர் எரியவில்லை என்றால், "எழுதினனீங்களோ?" ஒருநாள் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு நானே முந்திக்கொண்டு, "எழுதலை அக்கா" என்றேன். அன்றைக்குச் சிரித்தார். முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல். அதை மறைக்க உதட்டை மடித்துக்கொண்டு சிரிப்பார்.

எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால் பலருக்குப் பயம். ஒரு மூத்த பேராசிரியர், ஒரு பாடத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுப்பதாக நடைபாதையில் வாக்குக் கொடுத்துவிட்டு, மறு வருடம் அதை வேறொருவருக்குக் கொடுத்தார். அந்தப் பெண் கேட்டபோது, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று சாதித்தார். அக்கா தம் பாட்டுக்கு எழுந்து, பழைய கொப்பி ஒன்றை எடுத்துவந்து, அவர் சொன்ன வாக்கியத்தை அவர் எதிரிலேயே படித்தார். இடையில் அவர் தும்மியதைக்கூட எழுதியிருந்தாராம். பாடம் அந்தப் பெண்ணுக்குப் போனது. அதிலிருந்து அக்கா சாப்பாட்டு அறைக்குள் வந்தால் பேச்சு நின்று, மைக்ரோவேவின் சத்தம் மட்டும் கேட்கும். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. ஜன்னலோரமாக உட்கார்ந்து புட்டுப் பெட்டியைத் திறந்துகொள்வார்.

ஏன் இப்படி எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "எனக்கு மறதி சேர்" என்றார். சுத்தப் பொய். என் மகளின் பிறந்தநாள், என் விசா முடியும் தேதி, நான் எந்த மாத்திரைக்கு ஒவ்வாமை என்று எப்போதோ சொன்னது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்.

"என்ரை இவர் ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை, ஒரு டொக்டர் வெளியிலை வந்து என்னட்டை ஏதோ சொன்னவர். நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டிக்கொண்டு நிண்டனான். அப்ப இங்கிலீசு வடிவா விளங்காது. மூண்டு நாளிலை இவர் கண்ணை மூடிப்போட்டார். அந்த டொக்டர் என்ன சொன்னவர் எண்டு எனக்கு இப்பவும் தெரியாது."

சொல்லிவிட்டு, தேர்வுத்தாள்களை அச்சுக்கு அனுப்பும் பட்டியலை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

நாங்கள் அப்போது ரெக்ஸ்டேலில் குடியிருந்தோம். மகளின் பிறந்தநாளுக்கு அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். டோர்செட் பார்க்கில் அவருடைய அடுக்குமாடியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தார். என் மனைவி வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு எப்படி வைத்தாய் என்று கேட்டு, கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தார். "கொஞ்சம் புளி கரைச்சு ஊத்தணும்க்கா" என்றாள் மனைவி. "கொஞ்சம் எண்டா எவ்வளவு தங்கச்சி?" என்றார் அக்கா. மனைவி விரல்நுனியைக் காட்டினாள். அக்கா அந்த விரலையே பார்த்தார். பிறகு, 'சுண்டுவிரலின் மேல் கணு அளவு, தங்கச்சியின் விரல்' என்று எழுதினார். அவர் போன பிறகு மனைவி என்னிடம், "நல்ல மனுஷி. ஆனா அவங்க முன்னாடி வாயைப் பாத்துத் திறங்க" என்றாள்.

நான் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தேன், அதுவும் அவருடைய தமிழில். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். என் வேலை ஒரு வருட ஒப்பந்தம். ஏப்ரலில் புதுப்பித்தால் நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். புதுப்பிக்காவிட்டால் மூன்று டிக்கெட் எடுத்துக்கொண்டு விருதுநகர் போய், அம்மாவிடம் ஸ்கூலிலும் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல வேண்டும். புதுப்பிப்பது இயக்குநர் கையில். இயக்குநர் எதைச் செய்வதென்றாலும் முதலில் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்பார். அதனால் நான் அக்காவிடம் ஒட்டிக்கொண்டேன். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அன்பு மட்டும்தான் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

வந்து இரண்டு மாதத்தில் 'ஆமா' போய் 'ஓம்' வந்தது. 'வரேன்' போய் 'வாறன்' வந்தது. "சேர் எங்கடை ஆளாப் போட்டார்" என்று அக்கா மற்றத் தமிழர்களிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். எனக்கு மிகவும் பிடித்துப்போன சொல் 'வடிவா'. எங்கள் பக்கம் வடிவு என்றால் அழகு, அதோடு சரி. இவர்களுக்கோ அது எல்லாவற்றுக்கும் ஆகிறது. வடிவாச் சாப்பிடுங்கோ, வடிவாப் பூட்டிப்போட்டுப் போங்கோ, வடிவா விளங்கேல்லை. நான் அதை 'நன்றாக, இதமாக' என்று எடுத்துக்கொண்டேன். 'முழுக்க, ஒரு கை பார்த்து' என்றும் அது ஆகும் என்பது எனக்குத் தெரியாது. 'பேசுவது' என்றால் அவர்களுக்கு ஏசுவது, திட்டுவது என்பதும் தெரியாது. சாதாரணமாகப் பேசுவதற்கு அவர்களுடைய சொல் 'கதைக்கிறது'.

பிப்ரவரி மாதம். மாணவிகள் இரண்டு பேரின் ஒப்படைகளில் மூன்றாவது கேள்விக்கு ஒரே விடை, ஒரே தவறான விடை, புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் வரை ஒரே தவறு. சரியான விடை இரண்டு பேருக்கு ஒத்துப்போகலாம். தவறு இப்படி ஒத்துப்போகாது. அக்காவின் தாளில் ஆறாவது குறிப்பு இதற்குத்தான்: பார்த்து எழுதியதாகச் சந்தேகம் வந்தால் நீங்களே விசாரிக்காதீர்கள், அதற்கென்று இருப்பவரிடம் தாளைக் கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்கவில்லை. இரண்டு பேரில் ஒருத்தி தமிழ்ப் பெண். நம் பெண்தானே, கூப்பிட்டு நாமே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். இங்கேயே பிறந்த பெண், பத்தொன்பது வயது, எப்போதும் இரண்டாம் வரிசையில் உட்காருவாள். கதவைச் சாத்தினேன். தமிழில் பேசப்போகிறோம், வெளியில் கேட்க வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

"சேர், நான் கொப்பி பண்ணேல்லை. மற்றவதான் என்ரை லாப்டொப்பை இரவல் வாங்கினவ. தட்ஸ் ஆல்" என்றாள்.

அவள் குரலில் பயம் இல்லாதது எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் ஊர்க் கல்லூரியில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். தப்புச் செய்தவர்கள் தலைகுனிந்து நிற்பார்கள். இவள் நேராகப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் சொன்னவற்றில் ஒரு பகுதியைத்தான் இங்கே எழுத முடிகிறது.

"உங்க அப்பா அம்மா குண்டுக்கு நடுவுல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து, இங்க பாக்டரில நின்னு நின்னு கால் வீங்கி உன்னைப் படிக்க வைக்கிறாங்க. நீ என்னடான்னா திருடுற. அவங்க மூஞ்சியில எப்படி முழிப்ப? வெக்கமா இல்ல உனக்கு?"

பத்து நிமிடமாவது திட்டியிருப்பேன். அவள் கண்ணில் நீர் வந்த பிறகும் நிறுத்தவில்லை. "சேர், டோரைத் திறக்கலாமோ, ப்ளீஸ்" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவைதான் திறந்தேன்.

அவள் அலுவலகத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றும் நடக்காதவன் மாதிரி, ஏதோ படிவம் வாங்க அக்காவின் மேசைக்குப் போனேன்.

"அந்தப் பிள்ளை அழுதுகொண்டு போகுது. என்ன சேர் நடந்தது?" என்றார் அக்கா.

"ஒண்டுமில்லை அக்கா. அவவுக்கு வடிவாப் பேசினன்."

அவளிடம் இதமாகப் பேசினேன், அதனால் மனம் கரைந்து அழுகிறாள். இதைத்தான் சொல்ல நினைத்தேன். துணிந்து சொன்ன பொய், அதையும் அவருடைய தமிழில் சொன்னால் இனிக்கும் என்று நினைத்தேன்.

அக்காவின் கை நின்றது. "வடிவாவோ?" என்று கேட்டார்.

"ஓம், வடிவா."

அவர் கொப்பியைத் திறந்து எழுதினார். நல்லவேளை, என் நல்ல குணம் பதிவாகிறது என்று நினைத்துக்கொண்டு படிவத்தோடு அறைக்குத் திரும்பினேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் இயக்குநருக்குக் கடிதம் கொடுத்தாள். அதற்குள், ஒப்படையைத் தான்தான் இவளுடைய மடிக்கணினியிலிருந்து எடுத்ததாக மற்றவள் ஒப்புக்கொண்டிருந்தாள். அந்தத் தவறான விடை இவளே தானாகப் போட்டுத் தானாகச் செய்த தவறு. திருட்டு இவளிடம் இல்லை. ஆசிரியர் கதவைச் சாத்தி, தமிழில், என் பெற்றோரைச் சொல்லி அவமானப்படுத்தினார், என்னால் இனி அந்த வகுப்புக்குள் போக முடியவில்லை என்று எழுதியிருந்தாள். அறைக்குள் இருந்தது நாங்கள் இரண்டு பேர். சாட்சி கிடையாது. இயக்குநர் வழக்கம்போல அக்காவிடம் கேட்டார். அக்கா வழக்கம்போல கொப்பியைக் கொடுத்தார்.

இயக்குநரின் அறையில் அந்தக் கொப்பி என் முன்னால் விரிந்து கிடந்தது. இடப்பக்கம் தமிழில்: 'அவவுக்கு வடிவாப் பேசினன்.' அடுத்த வரியில், 'வடிவாவோ? ஓம், வடிவா.' வலப்பக்கம் ஆங்கிலத்தில்: அந்த மாணவியை நன்றாகத் திட்டியதாக இவர் என்னிடம் சொன்னார். நான் மறுபடி கேட்டேன். உறுதிப்படுத்தினார்.

நான் சொன்ன பொய் அந்த அம்மாவின் காதுக்குள் போய் அப்பழுக்கில்லாத உண்மையாக வெளியே வந்திருந்தது. ஒரு நிமிடம், அவ்வளவுதான், ஒப்புக்கொண்டுவிடலாம் என்றிருந்தது. பிறகு ஏப்ரல் ஞாபகம் வந்தது. மகளை இங்கே பள்ளியில் சேர்த்தது ஞாபகம் வந்தது. அந்த இடத்திலேயே வழி தெரிந்துவிட்டது.

"என் ஊர்த் தமிழில் இதற்கு வேறு அர்த்தம்" என்று இயக்குநரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். "பேசினேன் என்றால் எங்களுக்கு உரையாடினேன். வடிவாக என்றால் அழகாக. நான் அவளிடம் அன்பாகத்தான் பேசினேன். அவருடைய தமிழில் அது திட்டியதாக ஆகிறது. அவர்மேல் தப்பில்லை." கடைசி வாக்கியத்தை எவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இயக்குநர் அக்காவை உள்ளே கூப்பிட்டார். அப்படி இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் அழுதுகொண்டு போனதை அவர் கண்ணால் கண்டவர். ஆனால் கேட்ட கேள்வி சொல்லைப் பற்றி மட்டும். கேட்டதற்குத்தான் அவர் பதில் சொல்வார்.

"வாய்ப்பு உண்டு" என்றார் ஆங்கிலத்தில். "இந்தியத் தமிழில் அப்படி அர்த்தம் இருக்கிறது. நான் அதை யோசித்திருக்க வேண்டும்."

அங்கேயே நின்றபடி கொப்பியில் கீழே தேதி போட்டு எழுதினார்: வலப்பக்கத்தில் எழுதிய பொருள் என் தவறாக இருக்கலாம். கையெழுத்துப் போட்டார். அவர் பேனாவை மூடும்போது மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு மூன்று தடவை அழுத்தினார்.

புகாருக்கு ஆதாரம் போதவில்லை என்று முடிந்தது. ஏப்ரலில் என் ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்தார்கள். மனைவி பாயசம் வைத்தாள். அந்தப் பெண் கோடைக்குப் பிறகு படிப்புக்குத் திரும்பவில்லை.

நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அக்காவுக்கு என்ன ஆனது என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. முதலில் அவர் என்னிடம் தமிழ் பேசுவதை விட்டார். கோபமாக அல்ல. காலையில் நான் "எப்பிடி அக்கா சுகம்?" என்றால், ஆங்கிலத்தில் நலம் சொல்லி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். 'சேர்' போய்விட்டது. பிறகு கொப்பி போயிற்று. யாராவது வந்து ஏதாவது சொன்னால், "மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், நான் கேட்டால் பிழையாக விளங்கிக்கொள்வேன்" என்பார். மூத்த பேராசிரியர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாப்பாட்டு அறையில் அவர் வந்தாலும் இப்போது பேச்சு நிற்பதில்லை. அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்து சாப்பிடத் தொடங்கினேன். சொன்னதை எழுதாத அக்கா, யாரோ அவருடைய கதிரையில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தார்.

அடுத்த கோடையில், வயது முடிவதற்கு முன்பே ஓய்வு வாங்கினார். விட்பியில் மகன் வாங்கிய புது வீட்டுக்குப் போகிறார் என்றார்கள். சாப்பாட்டு அறையில் கேக் வெட்டினார்கள். எல்லோரும் கலைந்த பிறகு அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். எனக்கு அப்போது நிரந்தரக் குடியுரிமை வந்துவிட்டது. வேலையும் நிரந்தரமாகும் நிலை. இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதை வாசகர்கள் மறக்க வேண்டாம்.

கதவைத் திறந்தே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். மடியில் கறுப்புக் கொப்பி.

"அந்தப் பிள்ளை எங்கடை பில்டிங்தான் சேர்" என்றார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் தமிழ். "எனக்கு மேலே, பதினோராம் மாடி. இப்ப ஒரு கடையிலை கவுண்டரிலை நிக்குது. முந்தி லிப்டுக்குள்ளை கண்டா அன்ரி அன்ரி எண்டு கதைக்கும். இப்ப போனைப் பாத்துக்கொண்டு நிக்கும். நான் இறங்குமட்டும் தலை நிமிர்த்தாது."

நான் மேசையிலிருந்த தாள்களை அடுக்கினேன்.

"ஒண்டு கேக்கிறன், வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் இனி இஞ்சை வரமாட்டன், ஆருக்கும் சொல்லவும் மாட்டன். அண்டைக்கு நீங்கள் அந்தப் பிள்ளையோடை கதைச்சனீங்களோ, அவவுக்குப் பேசினனீங்களோ?"

இரண்டு சொல்லையும் பிரித்துப் பிரித்து, எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் வைத்தார். ஊர் வித்தியாசம் என்று ஒதுங்க இடமே இல்லை. ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவருடைய காது அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

"கதைச்சனான் அக்கா" என்றேன்.

இந்தமுறை சொல்லில் பிழை இல்லை. உச்சரிப்புக்கூட நன்றாக வந்தது.

அக்கா கொப்பியைத் திறந்தார். வெகுநாள் மூடிக் கிடந்த தாள்கள் ஒட்டியிருந்தன. இடப்பக்கம் 'கதைச்சனான் அக்கா' என்று எழுதித் தேதியும் நேரமும் போட்டார். வலப்பக்கம் பேனா போகவில்லை. அந்தத் தாளை மெதுவாக, கிழிசல் இல்லாமல் பிரித்தெடுத்து என் மேசையில் வைத்தார்.

"மற்றப் பக்கத்தை நீங்களே எழுதுங்கோ சேர்" என்றார். "நான் வாறன்."

அந்தத் தாள் ஏழு வருடமாக என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்றைக்கு அதையும், பன்னிரண்டு குறிப்புத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எட்டாவது குறிப்பை நான் திருத்தவில்லை. திருத்த ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை அந்த ஐந்து பேரின் முகத்தைப் பார்த்து அதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னால், இங்கே எழுதியிருப்பதை இயக்குநரின் மேசையில் வைக்கும் துணிச்சல் எனக்கு வருமா என்று தெரியவில்லை. பதினோராம் மாடிக்குப் போய் அந்தப் பெண்ணின் கதவைத் தட்டுவேனா என்பதும் தெரியவில்லை. ஆனால் விட்பியில் இருக்கும் அக்காவுக்கு ஒரு பிரதி இன்றைக்கே தபாலில் போகும். முகவரி ஒரு காலத்தில் புத்தாண்டு வாழ்த்து அனுப்ப வாங்கி வைத்தது, அனுப்பவில்லை.

வலப்பக்கம் இது. கதவைச் சாத்திவிட்டு, ஒரு தப்பும் செய்யாத பெண்ணை, அவள் அப்பா அம்மாவைச் சொல்லி, அவள் அழுத பிறகும் விடாமல் திட்டினேன். அதை மறைக்க உங்கள் தமிழையும் என் தமிழையும் ஒன்றோடொன்று மோதவிட்டேன். நீங்கள் முதலில் எழுதியதை அடிக்க வேண்டியதில்லை.

அக்கா, உங்களுக்குச் சரியாத்தான் கேட்டது.